உன் அண்ணனைத் தெரிந்தவர்கள்

அருமை மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் கடுதாசி வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. கண் முன்னைப் போல் இல்லை, வெயில் முற்றத்தில் விழுகிற மத்தியான நேரத்தில்தான் எழுத்துத் தெரிகிறது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வைத்து அனுப்புகிறேன். மணப்பாறைப் பெண்ணை உனக்குப் பிடித்திருக்கிறது, தேதியும் குறித்தாயிற்று என்று படித்ததும் உங்க அப்பா இல்லையே என்று இருந்தது. அவர் இருந்தால் அன்றைக்கே மாட்டைப் பூட்டிக்கொண்டு சேதி சொல்லக் கிளம்பியிருப்பார். கடுதாசியை உன் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பாராவை மட்டும் வாசிக்கவில்லை.

அந்தக் கடைசிப் பாராவுக்குத்தான் இந்தப் பதில். கல்யாணத்துக்கு அண்ணனைக் கூட்டி வர வேண்டாம், பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வா, பெண் வீட்டாருக்குப் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் பிறகு அவனை மதராஸில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கிற பெரிய கட்டடத்தில் சேர்க்கலாம், ரயில்வேயில் உனக்குத் தெரிந்த ஒருத்தர் வழி சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். எனக்கு உன்மேல் கோபம் இல்லை. எனக்கு நெஞ்சு வலி வருகிறது என்பது உனக்குத் தெரியும், நீ யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் நீ முடிவு செய்வதற்கு முன்னால் முழுதும் தெரிந்து முடிவு செய்ய வேண்டும். அந்த வருஷம் நீ சின்னப் பையன். நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். அந்தப் பாதியையும் நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

சொக்கன் எனக்குத் தலைப்பிள்ளை. நடக்க நாளானது, பேச அதைவிட நாளானது. கோயில் குளமெல்லாம் போனோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம். கடைசியில் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் ஒளிக்காமல் சொன்னார். "புத்தி இவனுக்கு மெதுவாத்தான் வளரும்மா. பாதியில நின்னும் போகும். மருந்து கிடையாது. ஆனா சொல்லிக் குடுத்தா கத்துக்குவான். திரும்பத் திரும்பச் சொல்லணும்." உங்க அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். காளவாசல் சூளையிலிருந்து டவுனுக்குச் செங்கல் ஏற்றிப் போகிற வண்டியில் அவனையும் உட்கார வைத்துக்கொண்டு போவார். கைக்கு ஒரு கல், அதைக் கொண்டுபோய் இதன்மேல் வை, அவ்வளவுதான் பாடம். அதை ஒரு மழைக்காலம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த கோடைக்குள் அவன் வண்டி நிறையக் கல் அடுக்கினான். ஒரு கல் கூட மூலை உடையாது. எண்ணத் தெரியாது, நாள் கிழமை தெரியாது. ஆனால் எந்த மாட்டுக்கு எந்தப் பக்கம் தடவினால் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் வாழ்க்கை அப்போது நல்ல வாழ்க்கை. இதை நீ நம்ப வேண்டும். காலையில் சூளைக்குப் போவான். வழியில் காப்பிக் கிளப்பில் அவனுக்கென்று ஒரு பித்தளை டம்ளர் இருந்தது. சூளை மேஸ்திரி மாயாண்டி தன் சோற்றில் ஒரு பிடி எடுத்து அவன் கையில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். வளையல் வியாபாரம் பண்ணும் இபுராகிம் ராவுத்தர், டவுனிலிருந்து நடந்து வருகிறவர், தெரு முனையிலேயே, "சொக்கா, பெட்டியைத் தூக்கப்பா" என்று குரல் கொடுப்பார். இவன் ஓடுவான். இடுப்பில் பொரிகடலை முடிந்து வைத்திருப்பான், எந்தச் சின்னப் பிள்ளையைக் கண்டாலும் ஒரு பிடி கொடுப்பான். வேஷ்டி அவனே எடுப்பான், நாம் எடுத்துக் கொடுத்தால் கட்ட மாட்டான், பச்சைக் கரைதான் வேண்டும். எது செய்யப் போகிறோமோ அதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் எதற்கும் இணங்கி வருவான், சொல்லாமல் செய்தால்தான் மிரளுவான். நீயும் இதை மனசில் வைத்துக்கொள். அவனிடம் பொய் சொல்லாதே. ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்.

அந்த வருஷம்தான் மேற்கே போகிற ரோட்டில் ஓடைக்குப் பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். ஒரு தூண் எழும்பியது, வெள்ளம் வந்து சாய்த்துவிட்டது. மறுபடி எழுப்பினார்கள், மறுபடி சாய்ந்தது. அதற்குப் பிறகு ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. பாலம் பலி கேட்கிறது, தலை கொடுக்காமல் நிற்காது என்றார்கள். கிணற்றடியில் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். ஓடைப் பக்கம் புல்லறுக்கப் போகிறவர்கள் ஜோடி சேர்ந்து போனார்கள்.

ஒருநாள் உங்க அப்பா சூளையிலிருந்து வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். "மாயாண்டி ஒண்ணு சொன்னாப்ல" என்றார். காப்பிக் கிளப்பில் எல்லாரும் பாலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மாயாண்டி சிரித்துக்கொண்டே, "நம்ம சொக்கனைக் குடுத்துட்டா போச்சு. பாலமும் நிக்கும், யாரு வந்து கேக்கப் போறா" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். சொக்கனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தானாம். "விளையாட்டுக்குத்தான் சொன்னாப்ல. கெட்ட மனுசன் இல்ல" என்று உங்க அப்பாவே சொன்னார். ஆனால் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

விளையாட்டு என்று நானும் விட்டிருப்பேன். அந்த வாரமே சொக்கன் சூளையிலிருந்து ஒரு புது அங்கவஸ்திரத்தோடு வந்தான். யார் கொடுத்தது என்றால், ரெண்டு பேர் என்றான். ஊர்க்காரர்களா என்றால் இல்லை என்று தலையாட்டினான். "என்னடா கேட்டாக?" என்றேன். "அப்பா இருக்காகளா, அம்மா இருக்காகளான்னு கேட்டாக. இருக்காகன்னு சொன்னேன். நாளைக்கும் வாரோம்னாக" என்றான், பெருமையாக. அவர்கள் யாரோ, எதற்குக் கேட்டார்களோ, இன்று வரைக்கும் தெரியாது. நல்லவர்களாகக் கூட இருக்கலாம். அந்தத் துணியை நான் அடுப்பில் போட்டேன். மறுநாள் விடிந்ததும் உங்க அப்பா வைக்கோல் அறையைக் காலி பண்ணி, பாய் விரித்து, அவனை உள்ளே விட்டு வெளியே பூட்டினார். நான் தடுக்கவில்லை. அவருக்கு என்ன பயமோ அதே பயம்தான் எனக்கும்.

அந்த நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் முதலில் கதவைத் தட்டினான். அப்புறம் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், அம்மா என்று கூப்பிட்டால் நான் வரவில்லை என்பதால். அப்புறம் சுவரை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான். நீ கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவனோடு பேசிக்கொண்டிருப்பாய். மாடு என்ன செய்கிறது, ராவுத்தர் வந்தாரா, மழை பெய்ததா என்று கேட்பான். நீ சொல்லுவாய். பாலம் முடிகிற வரைக்கும்தானே என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். அவன் சூளைக்கு வராததைப் பற்றி யாரும் எங்களிடம் கேட்கவில்லை. காப்பிக் கிளப்பில் கேட்கவில்லை, மாயாண்டி கேட்கவில்லை. அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். கேட்காதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஆரப்பாளையத்தில் ஒரு வீட்டுப் பிள்ளையைக் காணோம் என்று சேதி வந்தது. ஊரே கொதித்தது. பேச்சு ஒரே நாளில் திரும்பிவிட்டது. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஒருத்தி என்னைப் பார்த்து, "ஒங்க மூத்தவனை என்னத்துக்குப் பூட்டி வச்சிருக்கீக?" என்றாள். உடம்பு சரியில்லை என்றேன். "உடம்பு சரியில்லாட்டி வைத்தியரைக் கூப்பிடுவாக. பூட்டு எதுக்கு?" என்றாள். மற்றவர்கள் குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள். பலி கொடுக்கத் தோதான ஆள் என்று முந்தின மாசம் அவனைச் சொன்ன வாய், பிள்ளைக்கெல்லாம் கடலை கொடுத்துக் கூப்பிடுகிறவன் அவன்தானே என்று அந்த மாசம் சொன்னது. நாங்கள் பூட்டியதே அதற்குச் சாட்சியாகிவிட்டது.

இனி எழுதப் போவது உன்னைப் பற்றி. உட்கார்ந்து படி. அன்று உங்க அப்பா உசிலம்பட்டிப் பக்கம் வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தார். நான் வாய்க்காலுக்குத் துணி துவைக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வைக்கோல் அறை திறந்து கிடந்தது. நீ வெளிறிப் போய் நின்றாய். "அண்ணன் பூட்டை ஒடைச்சிட்டுப் போயிருச்சு" என்றாய். பூட்டு உடையவில்லை, சாவியோடு தொங்கிக்கொண்டிருந்தது. உரலுக்கடியில் நான் ஒளித்து வைத்திருந்த சாவி. நான் பார்த்தேன். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது உனக்கு நல்லது என்று நினைத்தேன்.

அவனைத் தேடித் தெருவில் இறங்கினேன். அதற்குள் சந்தைக்குப் போய்த் திரும்பிய வண்டிக்காரப் பையன் ஒருத்தன் எதிரில் வந்தான். "அக்கா, பழங்காநத்தம் சந்தையில பிள்ளை பிடிக்கிறவனை மாட்டிக்கிட்டாகளாம். மரத்துல கட்டி வச்சிருக்காக" என்றான். காளவாசலிலிருந்து பழங்காநத்தம் வரைக்கும் நான் எப்படிப் போனேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. நீ பின்னாலேயே ஓடி வந்தாய், சந்தை வாசலில் உன்னை ஒரு வெற்றிலைக் கடைக்காரியிடம் விட்டுவிட்டுப் போனேன். அதனால் உள்ளே நடந்தது நீ பார்க்கவில்லை.

கூச்சல் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அம்புட்டுப் பேர் நின்றார்கள், சத்தமே இல்லை. புளியமரத்தில் சொக்கனை வண்டிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒரு பக்க முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. இடது கை தொங்கியது. கொஞ்ச தூரத்தில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தது. சந்தைக் கூட்டத்தில் தாயைத் தவறவிட்டு அழுத பிள்ளை. சொக்கன் அதன் கையைப் பிடித்து, "வா, அம்மாட்ட போவம்" என்று கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறான். அதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

மரத்துக்கு முன்னால் ராவுத்தர் நின்றார். வளையல் பெட்டி கவிழ்ந்து, கண்ணாடித் துண்டெல்லாம் அவர் காலடியில். குல்லா இல்லை, நெற்றியில் ரத்தம். கைகளை விரித்துக்கொண்டு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "இவன் பேரு சொக்கன். காளவாசல் வண்டிக்காரர் மகன். எனக்குத் தெரியும். இவன் பேரு சொக்கன்."

"பேரு இருந்தா பிள்ளை பிடிக்க மாட்டானா பாய்?" என்றான் ஒருத்தன். "நகந்துக்கங்க."

நான் உள்ளே புகுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றேன். "யாருத்தா நீ?" என்றார்கள். "பெத்தவ" என்றேன். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் தெரியாத முகம். அப்போது பின்வரிசையில், கருவாட்டுக் கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு மாயாண்டி நிற்பதைப் பார்த்தேன். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "மாயாண்டி அண்ணே, நீங்க சொல்லுங்க. ஒங்க கையால சோறு தின்ன பிள்ளை. இவனை ஒங்களுக்குத் தெரியும்ல?" என்றேன்.

அம்புட்டுப் பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "தெரியும்" என்றார். அப்புறம், "கொஞ்ச நாளா வீட்டுலயே பூட்டி வச்சிருந்தாக. என்னத்துக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை அவர். கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. ராவுத்தர் என் கையைப் பிடித்துத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த ஒரு அடிதான், தம்பி, இன்னும் என் கனவில் வருகிறது. அந்த நேரத்தில் பிள்ளையின் தாய் தலைவிரி கோலமாக வந்து சேர்ந்தாள். பிள்ளையை வாரி இடுப்பில் வைத்தாள், உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். "எங்கேயும் அடிபடல, எம்பிள்ளை நல்லாத்தான் இருக்கு" என்றாள். மரத்தை ஒருதரம் பார்த்தாள், பார்க்காதது போல் நடையைக் கட்டினாள். அவ்வளவுதான். ஒருத்தர் பின் ஒருத்தராகக் கலைந்து போனார்கள். கத்திரிக்காய் விலை கேட்கிற குரல் மறுபடி கேட்டது. நானும் ராவுத்தரும் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஒருத்தன் வந்து, "கயிறு என் வண்டியோடது" என்று கையை நீட்டினான். சுருட்டிக் கொடுத்தேன்.

ஆரப்பாளையத்துப் பிள்ளை நாலைந்து நாளில் வந்துவிட்டது. தாய்மாமன் கூட்டிக்கொண்டு சோழவந்தான் போயிருந்தானாம், வீட்டில் சொல்லவில்லையாம். பாலமும் தலை கேட்காமல் நின்றுவிட்டது, நீயும் நானும் அதன்மேல் எத்தனையோ தரம் போய் வந்திருக்கிறோம். நம் வீட்டுக்கு வந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பிக் கிளப்பில் பித்தளை டம்ளர் மறுபடி வைத்தார்கள். மாயாண்டி எப்போதும் போல, "என்ன மதினி, சௌக்கியமா?" என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களோடுதான் நாம் இருக்க வேண்டியிருந்தது.

சொக்கனுக்கு இடது காது போயிற்று. கை முழுதும் நீளாது. ஆனால் அவன் அந்தச் சந்தையைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அவன் என்னிடம் கேட்பது வேறு. நான் வீட்டை விட்டு இறங்கும்போதெல்லாம், இன்றைக்கும், "பூட்டிட்டுப் போவியாம்மா?" என்று கேட்கிறான். இல்லையப்பா என்கிறேன். வாசல் வரைக்கும் வந்து, கதவு திறந்திருக்கிறதா என்று கையால் தள்ளிப் பார்க்கிறான். அடித்தவர்களை அவன் மறந்துவிட்டான். பூட்டினவர்களை மறக்கவில்லை.

நீ அன்று கதவைத் திறந்தாய். அதனால்தான் அண்ணனுக்கு அப்படி ஆனது என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தாய். அதற்குப் பிறகு நீ அவன் முகத்தைப் பார்த்துப் பேசினதில்லை, சீக்கிரம் வேலை தேடித் திருச்சிக்குப் போனாய், லீவுக்கு வந்தால் ஒரு ராத்திரிக்கு மேல் தங்குவதில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். கேட்டுக்கொள், அய்யா. அந்த வீட்டில் அன்றைக்குச் சரியான காரியம் செய்தவன் நீ ஒருத்தன்தான். அவன் உள்ளே அழுதான், நீ திறந்துவிட்டாய். அவன் எப்போதும் போல வெளியே நடமாடிக்கொண்டிருந்தால், சந்தையில் அவனைத் தெரிந்தவர்கள் ராவுத்தரோடு இன்னும் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். இதை உனக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது எழுதக் காரணம் உன் கல்யாணம் மட்டுமில்லை. பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. ஊருக்குத் தெற்கே ஏரோப்ளேன் இறங்க மைதானம் வெட்டுகிறார்கள். மண்ணுக்கடியில் பிள்ளை புதைக்கிறார்கள் என்கிறார்கள். சண்டைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்கிறார்கள், ஒற்றன் திரிகிறான் என்கிறார்கள். ஆரப்பாளையத்தில் மில் வேலைக்கு எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியிருக்கிறார்கள், பாதிப் பேருக்கு நம் தெருவே தெரியாது. போன வாரம் முச்சந்தியில் புது ஆள் ஒருத்தன் சொக்கனை நிறுத்தி, "யாருடா நீ? யாருக்காக நிக்கிற?" என்று கேட்டிருக்கிறான். சொக்கனுக்கு யாராவது அதட்டினால் இப்போது நாக்கு எழும்புவதில்லை. நின்றுகொண்டே இருந்திருக்கிறான். அந்த ஆள் இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறான். நல்லவேளையாக ராவுத்தர் மகன் சைக்கிளில் வந்தான்.

அதிலிருந்து தினம் காலையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தெருவாகப் போகிறேன். கடை கடையாக நின்று, "இவன் என் மகன் சொக்கன். செங்கல் அடுக்குவான். காது ஒண்ணு கேக்காது, சத்தமாப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் ஒரு வேலை கொடுக்கிறார்கள். ஒரு கடைக்காரர் அவனை மூட்டை அடுக்க வரச் சொல்லியிருக்கிறார், இவனும் பச்சைக்கரை வேஷ்டி கட்டிக்கொண்டு போகிறான். நேற்று மில் தெருவில் ஒரு சின்னப் பெண் அவனிடம் முறுக்கு நீட்டியது. இவன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மதராஸ் கட்டடம் நல்ல கட்டடமாகவே இருக்கட்டும். உள்ளே போனால் நாலு சுவருக்குள் அவனைத் தெரிந்தவர்கள் யார்? என் நெஞ்சு எம்புட்டு நாள் ஓடுமோ தெரியாது. நான் இருக்கும்போதே அவனைத் தெரிந்தவர்கள் இன்னும் பெருக வேண்டும். உன் கல்யாணத்துக்கு இருநூறு முந்நூறு பேர் வருவார்கள். அவனை ஒளித்து வைக்காதே. பெண்ணிடமும் அவள் வீட்டாரிடமும் இந்தக் கடுதாசி கிடைத்ததும் போய்ச் சொல். முகம் சுளித்தால் தாலி கட்டுவதற்கு முன்னாலேயே சுளிக்கட்டும். நாளைக்கு எந்தச் சந்தையிலோ, எந்த ரோட்டிலோ கூட்டம் கூடுகிறபோது, இவரை எனக்குத் தெரியும், இன்னார் கல்யாணத்தில் பார்த்தேன் என்று ஒருத்தர் சொல்ல வேண்டியிருக்கும். வரப்போகிறவளும் அந்த ஒருத்தியாக இருக்கலாம்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை வண்டியில் நானும் அவனும் வருகிறோம். ரயில் பூராவும் பட்டாளத்துக்காரர்கள் என்கிறார்கள், ஸ்டேஷனில் நெரிசல் இருக்கும். எத்தனை ஸ்டேஷன், எங்கே இறங்குவோம் என்று தினம் சொல்லிச் சொல்லி அவனைப் பழக்கியிருக்கிறேன். பெண் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு நீயே முன்னால் வந்து நில். நாங்கள் இறங்குகிறபோது சும்மா கையை ஆட்டாதே. அத்தனை கூட்டத்துக்கும் கேட்கும்படி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடு.

உன் அம்மா